மாசி மட்டியும் கார்த்திகை மட்டியும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர் கடற்கரை ஊர்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தவர். ஆண்டுக்கு ஒருமுறை, உணவைப் பற்றி, ஊரார் கேட்டுப் புரிந்துகொள்ளும் தமிழில் ஒருவர் பேச வேண்டும் என்பது அவர் எழுதிவைத்த நிபந்தனை. நான் வாழ்நாளெல்லாம் பார்த்தது ஓடுள்ள உயிர்களைத்தான். ஆகவே மட்டியையும் ஆளியையும் நண்டையும் பற்றியே பேசுகிறேன். அவற்றின் சத்து மாதத்துக்கு மாதம் மாறுகிறது என்பதுதான் பொருள்.

நான் ஆய்வு மாணவனாகப் பரங்கிப்பேட்டைக்குப் போனபோது எனக்குக் கிடைத்த வேலை, சொல்வதற்கு எளிமையானது. மாதம் ஒருமுறை வெள்ளாற்றுக் கழிமுகத்தில் ஐம்பது மட்டி எடுக்க வேண்டும். ஓட்டைத் திறந்து, சதையை எடுத்து, ஈரத்தை ஒற்றி எடை போட வேண்டும். பிறகு அறுபது டிகிரி சூட்டில், இனி எடை குறையாது என்கிற வரை உலர்த்த வேண்டும். உலர்ந்ததைப் பொடித்துப் புரதம், கொழுப்பு, மாவுச்சத்து மூன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

ஒரு கார்த்திகை மாதம். மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, காலால் சேற்றைத் துழாவி மட்டி எடுத்துக்கொண்டிருந்தார் ஓர் அக்கா. அவரிடம் ஐம்பது மட்டி கேட்டேன். "இப்ப எதுக்கு தம்பி? இது தண்ணி மட்டி. ஓடு பெருசா இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. மாசி வரட்டும், நானே எடுத்துத் தரேன்" என்றார். எனக்கு மாதம் தவறாமல் வேண்டும் என்று சொன்னேன். எண்ணிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "தண்ணி மட்டிக்கா காசு?" என்று கேட்டுவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

அன்று உலர்த்திய தட்டில் மிஞ்சியது ஒரு மெல்லிய பொருக்கு. மாசியில் அதே இடத்தில், அதே அளவு ஓடுள்ள ஐம்பது மட்டியை எடுத்தபோது, உலர்ந்த சதை தட்டில் குவிந்து நின்றது. பொடிக்கும்போது விரலில் வெண்ணெய்போல ஒட்டியது. அந்த அக்கா ஒரு நொடியில் சொன்னதைத் தராசை வைத்துக் கண்டுகொள்ள எனக்கு நான்கு மாதம் ஆனது.

நம் நாட்டில் உணவுச்சத்து அட்டவணைகள் நன்றாகவே தயாரிக்கப்பட்டிருக்கின்றன. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்டு, கோபாலன் அவர்களின் பெயரோடு 1971 முதல் வழங்கிவரும் நூலை மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் எல்லாரும் புரட்டியிருப்பீர்கள். 2017இல் அதே நிறுவனம் புதிய அட்டவணையைக் கொண்டுவந்தது. நாட்டைப் பல மண்டலங்களாகப் பிரித்து, அங்கங்கே சந்தையில் மாதிரி வாங்கி அளந்த பெரும் உழைப்பு அது. அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் மட்டி போன்ற ஓர் உயிருக்கு எதிரே ஒற்றை எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கார்த்திகைத் தட்டு நினைவுக்கு வருகிறது. அரிசிக்கு ஒற்றை எண் போதும். நெல் அறுத்த பிறகு அது தன்னைத் தின்று வாழ்வதில்லை. மட்டி அப்படி இல்லை.

அது எப்படி என்று விளக்குகிறேன். நாம் உண்ணும் கோழிக்கும் ஆட்டுக்கும் சேமிப்பு என்றால் கொழுப்பு. மட்டி, ஆளி, சிப்பி போன்ற இரட்டை ஓட்டு உயிர்களுக்கு முதல் சேமிப்பு கிளைக்கோஜன் என்கிற மாவுச்சத்து. தண்ணீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்பாசிகளைத் தின்று வாழ்பவை இவை. பாசி செழிக்கும் காலத்தில் மிஞ்சியதைக் கிளைக்கோஜனாக்கி உடல் திசுக்களில் திணித்து வைக்கின்றன. ஆளியைத் திறந்தால் சில மாதங்களில் வெண்சந்தனம் அரைத்து வைத்தாற்போலப் பாலேடாக இருக்குமே, அது பாதி இந்தச் சேமிப்பு, பாதி கருவணுக்கள். இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது அந்த மாவுச்சத்தை எரித்தே முட்டையும் விந்தும் உருவாகின்றன. முட்டையின் மஞ்சளுக்குக் கொழுப்பு வேண்டும். மாவு கொழுப்பாக மாறுகிறது. ஆகவே முட்டையிடுவதற்குச் சற்று முன்பு கிளைக்கோஜன் இறங்கும், கொழுப்பு ஏறும். பிறகு ஒருநாள் மட்டி எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிடுகிறது. ஓடு அதே ஓடுதான். உள்ளே காலியான இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது. கொழுப்பும் மாவும் இறங்கினால் நீர் ஏறும் என்பது இந்த உயிர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான கணக்கு.

நம் கிழக்குக் கரையில் இதன்மேல் இன்னொரு சுழற்சி ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதுதான் வடகிழக்குப் பருவமழை. கோடையில் கழிமுக நீர் ஏறக்குறையக் கடல் நீரே. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் அதே இடம் ஆற்று நீராகிவிடும். மட்டியால் நடந்து வேறிடம் போக முடியாது. அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு ஓட்டை மூடிக்கொள்வது. மூடினால் உணவும் இல்லை, உயிர்வளியும் இல்லை. உள்ளே இருக்கும் கிளைக்கோஜனைக் காற்றில்லாமலே கொஞ்சம் கொஞ்சமாக எரித்து நாள்களைக் கடத்துகிறது. வெள்ளம் நீண்டால் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கரையில் ஓடு குவியும். பிழைத்தவைதான் அந்த அக்கா சொன்ன தண்ணி மட்டி. தை மாதம் தண்ணீர் தெளிகிறது. வெள்ளம் கொண்டுவந்த உரச்சத்தில் டயாட்டம் என்கிற நுண்பாசிகள் பெருகுகின்றன. பட்டினி கிடந்த மட்டி தின்னத் தொடங்குகிறது. மாசி, பங்குனியில் சதை ஓட்டை நிரப்பிவிடுகிறது.

சத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே சுவையைப் பற்றிப் பேசாமல் போனால் அது அரைப் பேச்சு. கோடை மட்டி இனிக்கும், மழைக்கால மட்டி சப்பென்று இருக்கும் என்று எந்த ஊர்க் கழிமுகத்தில் கேட்டாலும் சொல்வார்கள். நான் முதலில் இதைப் பசியும் பழக்கமும் பேசுகிற பேச்சு என்று நினைத்தேன். பிறகுதான் காரணம் புரிந்தது. மீனைப்போல உடலுக்குள் உப்பைத் தனியாகக் கட்டுப்படுத்திக்கொள்ள இந்த உயிர்களால் முடியாது. வெளியே உப்பு ஏறினால், தண்ணீர் உடலை விட்டு வெளியேறாதிருக்க, செல்லுக்குள்ளும் கரைபொருளைக் கூட்டியாக வேண்டும். உப்பையே கூட்டினால் செல் கெடும். அதற்குப் பதிலாகக் கிளைசின், அலனின், டாரின் போன்ற அமினோ அமிலங்களைச் செல்லுக்குள் சேர்க்கின்றன. கிளைசினும் அலனினும் நாவில் இனிப்பவை. வெள்ளத்தில் வெளியே உப்பு இறங்கும்போது அதே அமினோ அமிலங்களைக் கரைத்து வெளியே விட்டுவிடுகின்றன. ஆக, சட்டியில் நாம் ருசிப்பது ஆற்று நீரும் கடல் நீரும் அந்த மாதத்தில் எந்த அளவில் கலந்திருந்தன என்பதைத்தான். ஒரு கழிமுகத்தின் உப்புக் கணக்கை நாக்கால் படிக்க முடியும் என்பது இந்தத் துறையில் எனக்கு வாய்த்த பெரிய வியப்பு. இன்றும் அது குறையவில்லை.

மாணவர்களுக்காக இங்கே ஒரு பிழையைச் சொல்ல வேண்டும், அதை நானே செய்திருக்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளில் புரதத்தை உலர் எடையில் இத்தனை விழுக்காடு என்று எழுதுவது வழக்கம். கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். கொழுத்த மட்டிச் சதை 100 கிராமில் நீர் 78, புரதம் 11, மாவுச்சத்து 6, கொழுப்பு 2, சாம்பல் 3. மெலிந்த மட்டியில் நீர் 88, புரதம் 8, மற்றவை சேர்ந்து 4. உலர் எடையில் பார்த்தால் முதலாவதில் புரதம் 50 விழுக்காடு. இரண்டாவதில் 67! தாளில் மெலிந்த மட்டிதான் சத்துள்ளதாகத் தெரியும். மாவும் கொழுப்பும் தீர்ந்துபோனதால் புரதத்தின் பங்கு பெருத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். தட்டில் உண்பவருக்குக் கிடைப்பது 11க்குப் பதில் 8. ஒரு மட்டியில் தேறும் சதையும் குறைவு என்பதால் கூடைக் கணக்கில் இழப்பு இன்னும் பெரிது. என் முதல் அறிக்கையில் கார்த்திகை மாதத்தைப் "புரதம் மிகுந்த காலம்" என்று எழுதியிருந்தேன். வழிகாட்டி எதுவும் சொல்லவில்லை. அந்த வரியின் அடியில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் "நீ இதைச் சாப்பிட்டாயா?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

இந்த உண்மையைத் தொழிலாகவே கையாண்டவர்கள் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் அங்கே ஆளி வளர்ப்பை ஆராயத் தொடங்கியது. சுண்ணாம்பு பூசிய கூரை ஓடுகளைக் கழியில் இறக்கி, மிதந்துவரும் ஆளிக் குஞ்சுகளை அவற்றில் பிடிக்கவைத்து, பிறகு தட்டுகளில் வளர்த்தார்கள். எப்போது அறுவடை என்பதற்கு அவர்கள் நாள்காட்டியைப் பார்க்கவில்லை. ஓட்டுக்குள் இருக்கும் இடத்தில் உலர்ந்த சதை எவ்வளவு என்று ஒரு குறியீட்டைக் கணக்கிட்டார்கள். அந்தக் குறியீடு அங்கே மார்ச், ஏப்ரலிலும் மறுபடி ஆகஸ்ட், செப்டம்பரிலும் உயர்கிறது. அப்போதுதான் அறுவடை. சில வாரம் தவறினால் ஆளி முட்டையிட்டுவிடும், அதே உழைப்புக்குக் கிடைப்பது நீர்த்த சதை. எடுத்த ஆளியைத் தூய கடல்நீரில் ஒருநாள் வைத்து, உள்ளேயிருக்கும் அழுக்கைக் கக்கவைத்த பிறகே சதையைப் பிரிப்பார்கள்.

ஐரோப்பாவில் ஆங்கிலப் பெயரில் 'ஆர்' எழுத்து வராத மாதங்களில், அதாவது மே முதல் ஆகஸ்ட் வரை, ஆளி உண்ணக்கூடாது என்பது பழைய விதி. அங்குள்ள உள்நாட்டு ஆளி தன் குஞ்சுகளை ஓட்டுக்குள்ளேயே வைத்து வளர்ப்பது. கோடையில் திறந்தால் வாயில் மணல்போல நெறுநெறுக்கும். அந்த விதியின் வேர்களில் ஒன்று அது. கோடைச் சூட்டில் கெட்டுப்போவது இன்னொன்று. அந்த விதியை நம் கடலுக்கு அப்படியே கொண்டுவந்து, நட்சத்திர விடுதிகளின் உணவுப் பட்டியலில் பின்பற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கில் நவம்பரும் டிசம்பரும் நல்ல மாதங்கள்! நம் கழிமுகங்களில் அவைதான் வெள்ள மாதங்கள். நம் கரைக்கு நம் மழைதான் விதி. அமெரிக்காவில் 1980களின் தொடக்கத்தில் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் உள்ள மலட்டு ஆளியை உருவாக்கினார்கள். முட்டையிடாததால் அதன் கிளைக்கோஜன் கோடையிலும் கரைவதில்லை, ஆண்டு முழுதும் விற்கலாம். வணிகத்துக்கு அது பெரிய வசதி. என் மனம் அதில் ஒட்டவில்லை. எதையும் எப்போதும் கிடைக்கச் செய்வதைவிட, எது எப்போது நன்றாக இருக்கும் என்று தெரிந்து உண்பது ஒரு பண்பாடு. அதை நாம் மாம்பழத்தில் காப்பாற்றி வைத்திருக்கிறோம். மட்டியில் ஏன் கூடாது?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர்களுக்கு இந்தப் பண்பாடு இன்றும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும், மூழ்க முடியாது. சிப்பி முட்டையிட்டு மெலிவதும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். கடல் அமைதியாகும்போது சிப்பியும் தேறத் தொடங்குகிறது.

கணவாயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது தன் கொழுப்பை ஈரலில் வைத்துக்கொள்கிறது. நாம் உண்ணும் உறைச்சதையில் பருவ மாற்றம் மட்டியில் உள்ள அளவுக்கு இல்லை.

நண்டின் கதை வேறு. அதன் சத்தை ஆட்டிவைப்பது ஓடு கழற்றுதல். வளர வேண்டுமானால் பழைய ஓட்டை உரித்துப்போட்டாக வேண்டும். உரித்தவுடன் தண்ணீரை உறிஞ்சி உடலை ஊதவைத்து, அந்த அளவுக்குப் புது ஓட்டை இறுகவிடுகிறது. பெரிய வீடு கட்டிவிட்டுச் சாமான் இல்லாமல் குடிபோவது போன்ற நிலை அது. உள்ளே சதை நிரம்ப வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் பிடிபடுவதுதான் பார்க்கப் பெரிதாக, உடைத்தால் நீராக இருக்கும் நண்டு. பௌர்ணமி நண்டில் சதை இராது, அமாவாசை நண்டுதான் கனக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நிலவைப் பார்ப்பதைவிட நண்டைப் பார்ப்பது நல்லது. கால்கள் உடலோடு சேரும் இடத்துக்கு அருகே, அடிப்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நெகிழ்ந்து உள்வாங்கினால் அது புது ஓட்டு நண்டு. மீன் விற்கும் அம்மாக்கள் கூடையில் கைவிட்டுப் பொறுக்குவது இந்தச் சோதனையை வைத்துத்தான். சினை நண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரலில் சேர்ந்த கொழுப்பு முட்டைக்குப் போகிறது, சத்து நிறைந்ததுதான். ஆனால் அடிவயிற்றில் முட்டையைச் சுமந்துவரும் நண்டு ஒன்றில் பல இலட்சம் குஞ்சுகள் இருக்கின்றன. அதைக் கடலிலேயே விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொழுத்த காலமே ஆபத்தான காலமாகவும் மாறலாம் என்பதை மறைத்துப் பேச மாட்டேன். மட்டி பாசியைத் தேர்ந்து தின்பதில்லை. நஞ்சுள்ள நுண்பாசி பெருகினால் அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளும், சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. 1981இல் நம் மாநிலத்திலேயே, வயலூரில், மட்டி உண்ட மூவர் இறந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கழியின் நிறம் திடீரென்று மாறினால், தண்ணீரில் துர்வாடை வந்தால், அந்த வாரம் மட்டி வேண்டாம். ஆலைக் கழிவு கலக்கும் கழிகளில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. ஈயமும் காட்மியமும் மட்டியின் உடலில் தங்கிவிடும். முட்டையிட்டுச் சதை சுருங்கும்போது உலோகம் அதே விகிதத்தில் சுருங்குவதில்லை. ஆகவே ஒரு கிராம் சதைக்கு உலோகம் கூடித் தெரியும். மெலிந்த மாதத்தில் சத்தும் குறைவு, நஞ்சும் அடர்வு. சோதனைக்கு மாதிரி எடுக்கும் அதிகாரிகள் எந்த மாதத்தில் எடுத்தோம் என்பதை எழுதாமல் விட்டால் அந்த எண்ணை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை. கடலோரத்தில் அந்தப் பெண்களின் கைக்கெட்டும் தூரத்தில், வலையோ படகோ இல்லாமல் கிடைக்கிற உணவு மட்டி. இரும்பு உண்டு, பி12 உயிர்ச்சத்து ஒருநாள் தேவைக்குப் பல மடங்கு உண்டு. ஆளியில் துத்தநாகம் வேறெந்த உணவிலும் காணாத அளவுக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகு கரையில் நிற்கும்போது, வீட்டுக்குள் வருமானம் இறங்குகிறது. கையால் எடுக்கும் மட்டிக்கு அந்த நாள்களில் வேலை உண்டு. மார்ச் மாதத்துக் கொழுத்த மட்டியைத் தடைக்காலத்துக்குக் காப்பாற்ற அவித்து உலர்த்தலாம். அவிக்கும்போது ஒன்றே ஒன்று: ஓடு வாய்திறப்பதற்காகக் கொதிக்கவைத்த தண்ணீரைப் பல வீடுகளில் கொட்டிவிடுகிறார்கள். இனிப்புத் தரும் அமினோ அமிலமும், கரையும் உயிர்ச்சத்தும் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கின்றன. மணலைத் தெளியவிட்டு மேல்நீரை இறுத்துக் குழம்பிலேயே சேருங்கள். மாசி முழுக்கச் சேர்த்துவைத்த சத்தை முற்றத்தில் ஊற்றிவிடாதீர்கள்.

இந்தச் சத்து எல்லாம் ஓர் ஆற்றுவாயை நம்பி இருக்கிறது. முகத்துவாரம் மணலால் அடைந்து ஏற்ற வற்றம் உள்ளே வராமல் போனால், கோடையில் உப்பு ஏறிக்கொண்டே போகும், பாசி மாறும், மட்டி மெலியும். நான் மாதிரி எடுத்த இரண்டு இடங்களில் இன்று மட்டியே இல்லை. ஓடு இருக்கிறது, கிளறினால் கறுத்த சேறு வருகிறது. அதைப் பார்த்த அன்று நான் இரவு உணவு உண்ணவில்லை.

அறக்கட்டளைக் குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், அன்போடு ஒப்புக்கொண்டார்கள். இந்தச் சொற்பொழிவுக்கான மதிப்பூதியம் இரண்டு மாணவர்களின் பயணச் செலவுக்குப் போகிறது. பழவேற்காட்டிலும் முட்டுக்காட்டிலும் வெள்ளாற்றிலும் மாதம் ஐம்பது மட்டி, ஓராண்டுக்கு. ஐப்பசியில், வெள்ளத்துக்கு முன்னால் தொடக்கம். குறிப்பேட்டை நானே கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். தேதி, உப்பு, நீர், புரதம், மாவுச்சத்து, கொழுப்பு என்று பத்திகள். கடைசிப் பத்தி அகலமானது. மட்டியை எடுத்துத் தந்த பெண் அதைக் கையில் வாங்கிப் பார்த்துச் சொல்லும் சொல்லை, அவர் சொன்னபடியே, எடை போடுவதற்கு முன்பு அதில் எழுத வேண்டும்.